கன்சுகேயின் பிடிமானம்

ஜப்பானில், ஷோவா முப்பதாம் ஆண்டு, அதாவது 1955 மழைக்காலத்தில், பேரிங் தொழிற்சாலைப் பரிசோதகர் கன்சுகேயின் உடம்பிலிருந்து உராய்வு முழுவதும் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம், எண்ணெயில் ஊறிய பால்ரஸ் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டி, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பைத் தோலால் கண்டுபிடித்தவர். குண்டுகள் வழவழப்பாயின; கூடவே அவரும். ஊரோ கடலைப் பார்த்துச் சரிந்த ஊர். காலையில் கதவு திறந்தால் தெருவோடு வழுக்கிப் போய், சரிவு முடிகிற பள்ளத்தில், மீன்கடை வாசலில் நிற்பார்.

"தொமியேக்கா, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு! கானாங்கெளுத்தி வாங்கவா, சும்மா பாக்கவா?" என்று மீன்காரி கீழிருந்து கத்துவாள். அவர் மனைவி தொமியே வைக்கோல் கயிற்றை அவர் அக்குளில் மாட்டி இழுத்து வருவாள். ஊர் பழகிக்கொண்டது. அவளால்தான் முடியவில்லை. கையைப் பிடித்தால் கை நழுவியது. அணைத்தால் ஆளே நழுவினார். ஏழு வருஷமாக அவள் பிடித்ததெல்லாம் கயிற்றின் மறுமுனையைத்தான்.

அந்த ஏழாம் வருஷத் திருவிழாவில் தேர் தெருமுனையில் நின்றது. திரும்பாத சக்கரங்கள் கொண்ட தேர்; பிளந்த மூங்கிலை நனைத்துச் சக்கரத்தடியில் பரப்பி, பக்கவாட்டில் வழுக்கவைத்துத்தான் திருப்புவார்கள். மூங்கில் போதவில்லை. கன்சுகேயைச் சக்கரத்தடியில் கை வைக்கச் சொன்னார்கள். தேர் ஒரே இழுப்பில் திரும்பியது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கனம்கூட அதில் நிற்கவில்லை. எல்லாரும் ஆரவாரித்தார்கள். ஊருக்கு உதவுகிற கை தன் கையில் ஒரு நிமிஷம் தங்கவில்லையே என்று தொமியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் மொரியாசுவிடம் போனாள். "அவர் உக்காந்த இடத்தை எனக்குக் குடுங்க."

"ஏம்மா, ஒரு வீட்டுக்கு ஒருத்தர் வழுக்கிட்டுத் திரியறது பத்தாதா?"

"பிடிக்கத்தான் முடியல. கூடப் போகவாவது முடியுமில்ல?"

அவருக்கு இருபத்திரண்டு வருஷமானது அவளுக்கு ஒன்பதில் முடிந்தது. ஒரு ஜனவரிக் காலை, சோற்றுக் கிண்ணம் அவள் கையில் நிற்கவில்லை. அவள் கயிற்றை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

"ஏங்க, போலாமா?"

"குளிருமேடி."

"பரவால்ல, வாங்க."

இருவரும் இறங்கினார்கள். பள்ளத்தில் முன்னும் பின்னும் சற்று ஆடி, ஒரே கிண்ணத்தில் போட்ட இரண்டு குண்டுகள்போலத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். விலக வேண்டுமானால் ஒருவர் மேடேற வேண்டும். அது இருவராலும் ஆகாது.

கோடைக்குள் அக்கம்பக்கத்தார் அங்கே கூரை போட்டார்கள். தெருவின் சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகக் கைமாறும் வரிசையில் அவர்கள் பெயர் மாற்றி எழுதப்பட்டது: மீன்கடைக்கு அடுத்து, பொதுக் குளியல்கூடத்துக்கு முன்.