அந்தப் பக்கத்து பிரேக்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் பேக்கரி வேன் ஓட்டியவர். கண் நரம்பு போய்விட்டது, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பொறுக்குறேன். நீங்க லைசென்ஸ் வாங்கிட்டா வேலை உங்களுக்கு. இல்லன்னா வேற ஆள் பார்த்துடுவேன்" என்றார் முதலாளி. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இறக்கம் வந்தால் சைக்கிளையே இறங்கித் தள்ளுகிற ஜென்மம் நான்.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தங்கமானவர். வினையே அதுதான். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் பதறுவதற்குள் மிதித்துவிடுவார். நானே நிறுத்தினதாக எனக்குப் பெருமை வேறு. டெஸ்டிலும் அதே மாதிரி வண்டி. பக்கத்தில் இருந்த அதிகாரி மிதிப்பார் என்று சும்மா இருந்தேன். மிதித்தார். அவர் மிதித்தால் ஃபெயிலாம். அடுத்த வாரமும் அதே கதை. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

"நாளைக்கு நம்ம வேன்ல ஓட்டு" என்றார் இவர்.

மத்தியானம் மார்க்கெட் முடிந்ததும் லாரி நிறுத்தும் மைதானம் காலி. பக்கத்து சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தடவிப் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பக்கம் பிரேக் கிடையாது. எனக்குக் கண்ணும் கிடையாது. இப்ப ஓட்டு."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"முன்னாடி என்ன வருது, அதைச் சொல்லு."

"ஐயோ, நாய்!"

"சொல்லிட்டே இருந்தா? மிதிடி!"

மிதித்தேன். நாய் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது. பத்து நாள் இப்படியே போனது. தினமும் இறங்கியதும் மறக்காமல் சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்றாவது டெஸ்ட். "சைக்கிள் வருது. ஒரு அம்மா ரோட்டைக் கடக்குறாங்க. நிறுத்துறேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார் அதிகாரி.

"பழக்க தோஷம் சார்."

வெளியே பெஞ்சில் இவர் காத்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"அவர் கால்?"

"அசையவே இல்லீங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நான் நின்றது இந்தப் பக்கம், அவர் நீட்டியது அந்தப் பக்கம். சத்தம் காட்டாமல் அங்கே போய் நின்று வாங்கிக்கொண்டேன்.