வியாழக்கிழமைப் பெட்டி

லண்டனிலை நான் பாத்த வேலையைச் சொன்னால் ஆரும் நம்பமாட்டினம். ஈரான்காரன் தன்ர ஆமிக்கு என்னென்ன சாமான் வாங்கிறான் எண்டு வேவு பாக்கிற காரை ஓட்டினனான். உடனை என்னைப் பெரிய துப்பறிவாளன் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. காரை நிப்பாட்டிப்போட்டு முதுகு உளையக் குந்தியிருக்கிறதுதான் என்ர உத்தியோகம்.

என்ர பேர் குகதாசன். தொண்ணூறாம் ஆண்டு ஐரோப்பாவிலை உள்ள ஒரு சின்ன நாட்டின்ர எம்பசியிலை டிரைவராய்ச் சேர்ந்தனான். நாட்டின்ர பேரைச் சொல்லமாட்டன், எனக்குச் சோறு போட்ட இடம். அங்கை பியற்றிஸ் எண்டொரு அம்மா முதல் செயலாளராய் இருந்தவ. ஈராக்கோடை நடந்த சண்டை முடிஞ்ச பிறகு ஈரான் தன்ர படையைப் புதுசாக்கத் தொடங்கியிருந்த நேரம். ஷா காலத்திலை அமெரிக்கன் குடுத்த பிளேன்கள் பார்ட்ஸ் இல்லாமல் கிடக்குது, ரஷ்யனிட்டையும் சீனனிட்டையும் புதுசு வாங்கினம், லண்டனிலை இருக்கிற வியாபாரியளிட்டையும் ஏதேதோ வாங்கினம். அதை எல்லாம் பாத்து எண்ணி மாதாமாதம் தன்ர நாட்டுக்கு அறிக்கை எழுதிறதுதான் அவவின்ர வேலை.

அவ அதைச் சம்பளத்துக்காக மட்டும் செய்யேல்லை. அந்தச் சண்டைக்குள்ளை அவவின்ர நாட்டுக் கப்பல் ஒண்டு வளைகுடாவிலை எரிஞ்சு மூண்டு மாலுமியள் செத்தவை. அந்த மூண்டு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னது அவதானாம். ஒருநாள் காருக்குள்ளை இருந்து சொன்னவ, பிறகு அதைப்பற்றி வாயே திறக்கேல்லை.

ஈரான்காரரின்ர சாமான் வாங்கிற கந்தோருக்கு எதிரிலை எங்கட நீலக் கார் நிக்கும். ஆர் போகினம், ஆர் வருகினம் எண்டு அவ கொப்பியிலை குறிப்பா. அதிலை ஒருத்தர் பர்ஹாடி. முந்திக் கேணலாய் இருந்தவராம், பார்ட்ஸ் விசயத்திலை விண்ணர், அவருக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் லண்டன் ஓரத்திலை சட்டன் எண்ட இடத்திலை ஒரு மாடிக் கட்டடத்துக்குப் போவார், அரை மணித்தியாலத்தாலை கையிலை ஒரு சின்னப் பெட்டியோடை வருவார். நாங்களும் பின்னாலை போவம். அந்தக் கட்டடத்திலை ராடார்ச் சாமான் விக்கிற கம்பனி ஒண்டு இருந்தது. பெட்டிக்குள்ளை இருக்கிறது ராடார்ச் சாமான்தான் எண்டு அவ முடிவு கட்டியிட்டா. எனக்கென்ன தெரியும், நானும் ஓமெண்டு தலையாட்டினன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை மனிசன் வரேல்லை. கந்தோர்க் கண்ணாடியிலை கறுப்புக் கரை போட்ட கடதாசி ஒண்டு ஒட்டிக் கிடந்தது. அந்தக் கந்தோர்க் கட்டடத்துச் செக்கியூரிற்றி அம்பலவாணன் அண்ணை, நான் இருந்த நோர்பரிப் பக்கத்து ஆள். பாருங்கோ, காவல் நிக்கிறவனும் யாழ்ப்பாணத்தான், வேவு பாக்கிற கார் ஓடுறவனும் யாழ்ப்பாணத்தான், உலகம் இப்பிடித்தான் நடக்குது. பின்னேரம் கடையிலை கண்டு கேட்டன். பர்ஹாடியின்ர மனிசி மோசம் போயிட்டா, வீடு குட்மேய்ஸிலை எண்டார்.

எங்கட ஆக்களுக்குச் செத்தவீட்டுக்கு ஆரும் வந்து சொல்லத் தேவையில்லை, கேள்விப்பட்டால் போறதுதான். என்ர அம்மா ஊரிலை செத்தபோது எனக்குப் போக ஏலேல்லை. நோர்பரியிலை முகம் தெரியாத சனம் எல்லாம் என்ர அறைக்கு வந்து நிலத்திலை இருந்திட்டுப் போனதுகள். இரண்டு வருசமாய்த் தினமும் பாக்கிற மனிசன்ர வீட்டிலை சாவு. போகாமல் இருக்க எனக்கு மனம் கேக்கேல்லை. சனிக்கிழமை வெளிக்கிட்டுப் போனன். எம்பசி டிரைவர், நாங்கள் வேவு பாக்கிற ஆளின்ர வீட்டுக்குப் போறன் எண்ட யோசினை துளிகூட வரேல்லை. விசரன் எண்டு நீங்கள் திட்டலாம், நானும் பிறகு என்னைத் திட்டினனான்.

சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கம்பளத்திலை ஒரு மூலையிலை இருந்தன். கசெற்றிலை குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயசு மதிக்கத்தக்க ஒரு பிள்ளை அழுத கண்ணோடை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது. கொஞ்ச நேரத்தாலை பர்ஹாடி வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தார்.

“நீங்கள் நீலக் கார் டிரைவர் எல்லே?” எண்டார். கோபமாய்க் கேக்கேல்லை.

ஓம் எண்டன். பொய் சொல்ல வாய் வரேல்லை.

“வியாழக்கிழமையிலை மழைக்குள்ளையும் என்ர பின்னாலை வருவீங்கள். இரண்டு பேருக்கும் சாப்பிட ஏதும் இருந்திருக்குமோ எண்டு யோசிச்சிருக்கிறன்.”

பிறகு தானாய்ச் சொன்னார். சட்டன் கட்டடத்திலை மேல்மாடியிலை ஒரு டொக்டர் இருக்கிறாராம். மனிசிக்குப் புற்றுநோய். நோவைக் குறைக்கிற ஊசிமருந்தை அவரிட்டைத்தான் வாங்கினவராம். கந்தோருக்குத் தெரிஞ்சால் குடும்பத்தோடை ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. மகளுக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடச் சோதினை, அது முடியட்டும் எண்டு மனிசிதான் கெஞ்சிக் கேட்டவவாம். எனக்கு அவரின்ர முகத்தை நிமிர்ந்து பாக்க ஏலாமல் போச்சு. இரண்டு வருசமாய் நாங்கள் ஒரு வருத்தக்காரியின்ர மருந்துப் பெட்டிக்குப் பின்னாலை கலைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்.

திங்கட்கிழமை பியற்றிஸ் அம்மா சந்தோசமாய்க் காரிலை ஏறினா. தன்ர அறிக்கையை நாட்டிலை ஏத்துக்கொண்டிட்டினமாம். வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ்காரரிட்டை ஒரு பட்டியல் குடுக்கப் போகினமாம், அதிலை பர்ஹாடியின்ர பேரும் இருக்காம், பெட்டி விசயம்தான் காரணமாம். ஆளை இரண்டு கிழமைக்குள்ளை நாட்டை விட்டு அனுப்பிப்போடுவாங்கள் எண்டா. தேத்தண்ணி தந்த அந்தப் பிள்ளையின்ர முகம்தான் எனக்கு முன்னாலை வந்து நிண்டது.

ஆனால் என்ர நிலைமையையும் யோசியுங்கோ. என்ர மனிசி சிவமலர் மூண்டு வருசமாய்க் கொழும்பு வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜ் அறைக்குள்ளை கிடக்கிறாள். ஆனி பன்னிரண்டாம் திகதி அவளுக்கு விசா நேர்முகம். எனக்கு வேலை இருக்கெண்டு எம்பசி குடுக்கிற கடிதம் இல்லாட்டில் அவளைக் கூப்பிட ஏலாது. அந்தக் கடிதம் ரைப் அடிச்சபடி பியற்றிஸ் அம்மாவின்ர மேசை லாச்சிக்குள்ளை கிடக்குது, கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் மிச்சம். நான் அந்த வீட்டுக்குப் போனனான் எண்டு தெரிஞ்சால் அண்டைக்கே என்னை வெளியிலை விட்டிடுவினம்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இரு, ஊர் உலகத்தை நீயோ திருத்தப் போறாய் எண்டு என்னை நானே ஏசினன். சிவமலரை நினைச்சால் வாய் மூடுது, அந்தப் பிள்ளையை நினைச்சால் திறக்குது. புதன்கிழமை காரை ஒரு மரத்தடியிலை நிப்பாட்டிப்போட்டுச் சொல்லிப்போட்டன், ஒண்டும் ஒளிக்கேல்லை.

அவ கையிலை இருந்த கொப்பியை மூடினா.

“நீர் ஏன் அங்கை போனீர்?”

“செத்தவீடு, மேடம். தெரிஞ்ச மனிசன்.”

“தெரிஞ்ச மனிசனோ?”

“இரண்டு வருசமாய் ஒவ்வொரு நாளும் பாக்கிறன், மேடம்.”

அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. பிறகு சட்டனுக்கு விடச் சொன்னா. தனிய இறங்கி அந்தக் கட்டடத்துக்குள்ளை போய் மேல்மாடி டொக்டரின்ர பேர்ப்பலகையைப் பாத்திட்டு வந்தா. இரண்டு வருசமாய் இந்த வாசலைப் பாத்தும் ஒரு நாள் உள்ளை ஏறிப் பாக்கேல்லையே எண்டு தனக்குத்தானே சொன்னா. எம்பசிக்கு வந்தவுடனை லாச்சியைத் திறந்து என்ர கடிதத்திலை கையெழுத்து வைச்சுக் கையிலை தந்தா. அந்த வீட்டுக்குப் போனதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அது தன்ர உத்தரவு எண்டா.

பர்ஹாடியின்ர பேர் பட்டியலிலை வரேல்லை. பிள்ளை சோதினை எழுதினதெண்டு அம்பலவாணன் அண்ணை சொன்னார். ஆவணியிலை பியற்றிஸ் அம்மாவுக்கு மாற்றம் வந்து ஊருக்குப் போனா. உத்தியோகமெண்டால் மாற்றம் வரும்தானே எண்டு நானும் பெரிசாய் யோசிக்கேல்லை. புரட்டாதியிலை சிவமலர் வந்து இறங்கினாள். அடுத்த வருசம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தது. நான் சந்தோசத்திலை மிதந்தன் எண்டுதான் சொல்லவேணும்.

மகளுக்கு மூண்டு மாதமாய் இருக்கேக்கை, பியற்றிஸ் அம்மாவின்ர இடத்துக்கு வந்த புது மனிசன் காருக்குள்ளை பழைய பைலைப் புரட்டிக்கொண்டு வந்தவர் சிரிக்கத் தொடங்கினார். முந்தி இருந்தவ என்ன மடத்தனம் செய்திருக்கிறா எண்டு கேட்டீரோ எண்டார். தான் வேவு பாத்த ஆளின்ர வீட்டுக்கே துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறாவாம், போனதைத் தன்ர கையாலேயே எழுதியும் வைச்சிருக்கிறாவாம். அதோடை அவவை வெளிநாட்டுக்கு அனுப்புறதை நிப்பாட்டிப்போட்டினமாம், இப்ப தலைநகரத்திலை நிலக்கீழ் அறையொண்டுக்குள்ளை பழைய கடதாசி அடுக்கிறாவாம்.

காரை ஓரத்திலை நிப்பாட்டினன். அறிக்கையை மாத்திறதெண்டால், உனக்கு ஆர் சொன்னது எண்டு மேலிடம் கேட்டிருக்கும். அவ என்ர பேரை எழுதுற இடத்திலை தன்ர பேரை எழுதியிருக்கிறா.

“போனது அவ இல்லை, சேர். நான்” எண்டன்.

அவர் சிரிப்பை நிப்பாட்டினார். பைலை மூடினார்.

“உமக்குச் சின்னப் பிள்ளை இருக்கெல்லே, குகதாசன். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. காரை எடும்.”

எனக்கு வேலை போகேல்லை. போயிருந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும் எண்டு இண்டைக்கும் நினைக்கிறன். வீட்டை போய், அண்டைக்கு வரைக்கும் சொல்லாததெல்லாத்தையும் சிவமலருக்குச் சொன்னன். அவள் பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு கேட்டாள். முடிஞ்ச பிறகு என்னை நிமிர்ந்து பாத்தாள்.

“அப்ப என்னை இஞ்சை கூப்பிட்டது நீங்களில்லை, அவதான்.”