ஹமீதா பானுவின் கையெழுத்து

அறுப்புத் தகராறில் வெட்டுப்பட்டு வந்த பஞ்சநதத்தின் முன்கையில் காய்ந்திருந்த ரத்தத்தை நர்ஸ் அகிலாண்டம் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் குஞ்சிதபாதம் ஏழு தையல் போட்டுவிட்டு மாடிக்குச் சாப்பிடப் போய்விட்டார். கட்டுப் போடுவது, ஊசி போடுவது, போலீஸ்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் தலையில்தான். அந்தப் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக அப்படித்தான்.

கட்டை முடித்துவிட்டு மாடியேறினாள். குவைத் ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் போதவில்லையாம். வெள்ளிக்கிழமை மெட்ராஸில் ஆள் எடுக்கிறார்கள். அப்பா பயிர் வைத்த குத்தகை நிலத்தை அதன் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போய் மீட்டுக்கொண்டார். இனி வீட்டில் ஐந்து பேரும் இவளை நம்பித்தான். அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

"சர்டிபிகேட்டா?" டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "டூட்டி ரிஜிஸ்டர்ல உன் பேரே இல்லையேம்மா. நான் எப்படிக் குடுக்கிறது?"

"நீங்கதானே சார் ஹமீதா பானு பேர்ல கையெழுத்துப் போடச் சொன்னீங்க?"

உண்மைதான். அவள் சேர்ந்தபோது நர்ஸிங் கவுன்சில் பதிவு வந்திருக்கவில்லை. அரை வருஷம் வேலை பார்த்துவிட்டு நின்றுபோன ஹமீதா பானுவின் பெயரில் போடச் சொன்னார். பதிவு வந்த பிறகும், "நடுவுல பேரை மாத்தினா இன்ஸ்பெக்‌ஷன்ல கேள்வி வரும்" என்றார். கையெழுத்துதானே என்று இவளும் விட்டுவிட்டாள். அந்தப் புத்தியை நினைக்க இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கூத்தாநல்லூர் போய், ஆள் சேர்த்து அனுப்பும் மீரா உசேனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னம்மா இது. ஹமீதா பானு போன மாசம்தான் குவைத்துக்குப் போச்சு. உங்க டாக்டர் குடுத்த சர்டிபிகேட்டுதான். மூணரை வருஷ சர்வீஸ்னு இருந்துச்சு."

அகிலாண்டம் தன் காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்க பேர்லயே மூணு வருஷம் பாத்துட்டு வாங்க. முப்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க, அது ஒண்ணுதான். இப்ப என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

மத்தியானம் டூட்டிக்கு வந்தவள், மூன்று வருஷ ரிஜிஸ்டர்களையும் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் போட்டாள். சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஹமீதா பானுவுக்கும் பக்கத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். நான்காம் பக்கத்தில் டாக்டர் வந்துவிட்டார்.

"பேனாவைக் கீழ வை."

"ஹமீதா குவைத்துல இருக்கு. இங்க டூட்டி பாக்குறது யாரு சார்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?"

"குளுக்கோஸ் பாட்டில் தீந்துபோச்சு சிஸ்டர்" என்று கட்டிலிலிருந்து பஞ்சநதம் கூப்பிட்டார். அவள் எழுந்து போய் வேறு பாட்டில் மாட்டி, சொட்டு சீராக விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பழைய ரிஜிஸ்டர்கள் அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தன. மேஜையில் இந்த மாதத்து ரிஜிஸ்டர் மட்டும் விரிந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு நேரே டாக்டரே ஹமீதா பானு என்று எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அகிலாண்டம் உட்கார்ந்து அந்த இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். அதன் கீழே, மூன்று வருஷத்துக்கு முன் தான் வேலைக்கு வந்த தேதியைப் போட்டாள்.