தனிப் பானை

கொதிக்கும் பானைக்குள் அக்காளின் போர்வையைக் கோலால் அமிழ்த்திக்கொண்டிருந்தாள் தங்கை. அக்காளின் உயிர் பிரிந்தது அன்று காலையில். உடல் இன்னும் கூடத்தில்தான் கிடந்தது. கருப்பை வாயில் வந்த புற்று அவளை உருக்கித் தீர்த்திருந்தது. அந்த முகம் தன் முகத்தைப் போலவே இருந்தமையால், அருகில் உட்காரத் துணிவின்றித் தங்கை கொல்லைக்கு வந்திருந்தாள்.

அவள் சலவைக்கடை நடத்துகிறவள்; வெந்நீருக்குத் தப்பும் அழுக்கு உலகில் இல்லை என்று நம்புகிறவள். அக்காள் படுத்தது முதல் அவள் துணிகளைத் தனியே வேகவைத்தாள். "உன்னை விட்டா என்னையும் கஞ்சி போட்டுத் தேய்ச்சு மடிச்சுடுவடி" என்று அக்காள் கேலி செய்வாள். சில நாள்களாக அதே பானையில் தங்கையின் துணிகளும் வெந்ததை அக்காள் அறியாள்.

தங்கையின் கருப்பை வாயில் மருக்கள் இருப்பதை மருத்துவர் கண்டிருந்தார். மருவை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் வேறு வகை, புற்றுக்கு வித்திடுவது வேறு வகை என்றார். ஆயினும் அவ்விடத்து மருவைச் சோதியாமல் உறையவைத்தோ சுட்டோ அகற்றலாகாது, முதலில் ஒரு கிள்ளு சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். துணியால் ஒட்டியதா என்று கேட்டதற்கு, அப்படி வருவதன்று என்றார். துணியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? 'கருப்பை வாய்' என்பது மட்டுமே அவள் காதில் நின்றது. குறித்த நாளில் அவள் போகவில்லை.

அக்காளின் கணவரான அத்தான் கொல்லைக் கதவருகே வந்து நின்றார்.

"இன்னிக்குமா தனிப் பானை? அவதான் போயிட்டாளே. இன்னும் என்னம்மா அருவருப்பு?"

கோல் நின்றது.

"அருவருப்பு இல்ல அத்தான். இதுல பாதி என் துணி."

அவர் பானையைப் பார்த்தார். பின்பு அவளைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"சோதனைக்கு வரச் சொன்னாங்க. போகல."

"உங்க அக்காவும் நாளைக்கு, நாளைக்குன்னுதான் சொல்லிட்டிருந்தா."

அவர் அடுப்பைத் தாமே அணைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவரே அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே கால்களை உயர்த்திப் படுத்திருந்தவளின் கையைத் தாதி பற்றிக்கொண்டாள்.

"இப்ப ஒரு தடவ இருமுங்கம்மா. கிள்ளுறது தெரியாது."

முதலில் இருமல் வரவில்லை. மீண்டும் முயன்று இருமினாள். அக்கணத்தில் உள்ளே ஏதோ கிள்ளியது. அவ்வளவுதான்.

தாதி ஒரு சிறு குப்பியை மூடி வெளிச்சத்தில் பிடித்தாள். அதனுள் நொய்யளவு சதைத் துணுக்கு, அசைந்து அசைந்து இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.