முசிறிக்காரரின் ஆஸ்டின்

இலங்கையில், பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினோரு வருஷம் கொழுந்து லொறி ஓட்டியவர் செல்லசாமி. தோட்டம் லொறியை விற்றுவிட்டது. சீமைக்குக் கப்பலேறிய துரையின் பழைய ஆஸ்டின் காரை அவர் வாங்கியது அதனால்தான். இனி வாடகை ஓட்டம்தான் பிழைப்பு. அதற்குப் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் ஏற வேண்டும்.

வாகனப் பதிவுக் கந்தோரில் பெரிய கிளாக்கர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்தவர், ஒரு ரப்பர் முத்திரையை வைத்துக்கொண்டு ராஜ்ஜியமே ஆண்டு வந்தார். குத்துமுன் அதை ஊதுவார். குத்தியபின் தலையைச் சாய்த்து அழகு பார்ப்பார். துரையின் பெயருக்குக் குறுக்கே முதலில் 'ரத்து' என்று குத்தினார். அழகு பார்த்து முடித்துக் கேட்டார்:

“உம்மட சொந்த ஊர் எது?”

“முசிறிங்க. திருச்சி ஜில்லா.”

லயத்து வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தாலும், கோயிலில் அர்ச்சனைக்கு நின்றாலும், இந்தக் கேள்விக்குத் தோட்டத்து ஆட்கள் இந்தியாவில் பாட்டன் புறப்பட்டு வந்த ஊரைத்தான் சொல்வார்கள். தோட்டத்தைச் சொன்னால் ஊர் பேர் தெரியாதவன் என்றாகிவிடும். செல்லசாமி முசிறியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

கிளாக்கர் ஊரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். “அப்ப நீர் தற்காலிக ஆள். வேலைக்கெண்டு வந்தவர் வாகனத்தைத் தன்ர நாட்டிலதான் பதியோணும். சட்டம்.”

“ஐயா, நான் பொறந்தது இந்த நாட்டுல, அக்கரப்பத்தனைங்க. எங்கப்பா பொறந்ததும் அங்கதான்.”

“பிறகேன் முசிறி எண்டு சொன்னனீர்? எழுதினது எழுதினதுதான்.”

“நடுவுல கடல் கெடக்குங்களே. காரை எப்படிங்க அங்க ஓட்டிட்டுப் போறது?”

“அது கந்தோருக்குரிய கேள்வியில்லை.”

செல்லசாமி வெளியே நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கார் பிறந்தது இங்கிலாந்தில். துரை பிறந்ததும் அங்கேதான். இரண்டு பேரையும் ஊர் கேட்காமல் இதே புத்தகம் பன்னிரண்டு வருஷம் சுமந்திருக்கிறது. ரோட்டை வெட்டியவர்களின் பேரன் வந்து நின்றதும்தான் சட்டத்துக்குப் பூகோளம் ஞாபகம் வந்தது.

கிளாக்கர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. என்ர மச்சான் நிரந்தரமான ஆள். அவற்ற பேரில பதிஞ்சுவிடுவம். நீர் டிரைவரா ஓடித் திரியும்.”

“மச்சானுக்குக் கார் ஓட்டத் தெரியுங்களா?”

“தெரியாது. அதுக்கென்ன?”

“வேணாங்க. வண்டி என் பேர்லதான் இருக்கணும்.”

செல்லசாமி வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்தார். முற்றத்தில் இடமில்லாததால் அதைக் கந்தோரின் ஒற்றை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். மூன்று மணிக்குத் தலைமை அதிகாரியின் கார் உள்ளேயிருந்து வந்து பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. அம்பலவாணர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“காரை எடும் காணும். ஐயாவுக்குப் பாராட்டுக் கூட்டம். மாலை வாடுது.”

“எடுக்கலாங்க. ஆனா துரை பேரை ரத்து பண்ணிட்டீங்க, என் பேரை ஏத்தல. பதியாத வண்டிய ரோட்டுல எறக்குனா குத்தமில்லீங்களா?”

அம்பலவாணர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, சரி. இண்டைக்கு மட்டும் ஒரு தற்காலிகத் துண்டு எழுதித் தாறன்.”

“தற்காலிகம் வேணாங்க” என்ற செல்லசாமி, கை பிரேக்கை இன்னும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டார்.