நாலாவது பாட்டு, மெதுவானது

பாடுகிறவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு வந்த வினையெல்லாம் இதனால்தான். நாஷ்வில்லில் முப்பது வருஷமாக ஸ்டூடியோக்களில் கிதார் வாசிக்கிறேன். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு மணிக்குள் மூன்று பாட்டு முடிந்தாக வேண்டும். யார் எழுதியது, எதற்காக அழுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் நடக்காது. ஒன்று, நாலு, அஞ்சு என்று எண்கள் போட்ட தாள் ஒன்றைக் கையில் தருவார்கள். எந்த கார்டுக்கு, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்கு, பிறகு எது என்பதற்கு அது போதும். பக்கத்தில் ஹெட்போனுக்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். டிரம்ஸ், பேஸ், பியானோ, குரல் என்று ஒவ்வொன்றுக்கும் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு. குரலின் திருகை நான் அடியோடு இறக்கிவிடுவேன். குரல் காதில் நுழைந்தால் தாளம் வெளியே போய்விடும். இது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை, என்னைப் போல இந்த ஊரில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள்.

டிலேனியின் ஆல்பத்துக்கும் அப்படித்தான் போனேன். கென்டக்கிப் பெண், இருபத்தாறு வயது, குரல் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். நெஞ்சைப் பிழிகிற மெதுவான பாட்டுகள், அவற்றின் நடுவே முழுச் சத்தத்தில் ராக் கிதார், இதுதான் அவள் ஆசை.

"சர்ச்சுல ஆரம்பிக்கணும், பார்ல முடியணும், ஆர்லிஸ்" என்றாள் என்னிடம்.

"அவ சொல்றது எனக்கும் புரியலை. நீ பாட்டுக்கு வாசி" என்றான் தயாரிப்பாளர் கால்வின்.

நாலாவது பாட்டின் தாளில் பேர்கூட இல்லை. 'நாலாவது, மெதுவானது' என்று கால்வின் கிறுக்கியிருந்தான். டெமோ என்கிற மாதிரிப் பதிவை ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். அந்த நேரம் பார்த்து கிதார் சத்தத்தைப் பெருக்குகிற என் ஆம்ப் பெட்டி உறுமிக்கொண்டிருந்ததால் அதன் பின்னால் குனிந்து வயர்களை ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைசிச் சரணத்தில் கிதார் உச்சத்துக்கு ஏற வேண்டும் என்று தாளில் இருந்தது. ஏறினேன். தற்பெருமை கூடாது, ஆனால் முப்பது வருஷத்தில் அப்படி ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை.

முடித்து நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கால்வின் மூக்கைச் சிந்துகிறான். டிலேனி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பேஸ் வாசிக்கிற டென்னி என் தோளைப் பிடித்தான். இருபது வருஷப் பழக்கம், ஒரு நாளும் தோளைத் தொட்டவன் இல்லை.

"பரவாயில்லையா, ஆர்லிஸ்?"

"என்ன பரவாயில்லையா?"

"இல்ல, எப்படிடா முடிஞ்சுது உன்னால? நானா இருந்தா கிதாரைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

"ஏ கார்டுல இருந்து டி கார்டுக்குப் போறதுல என்னடா கஷ்டம்?"

அவன் என் தோளை இன்னொரு தடவை அழுத்தினான். "பெரிய மனுஷன்டா நீ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டென்னியின் மனைவி ஃபிரான்சின் வந்து கதவைத் தட்டினாள். கோழி, நூடுல்ஸ், சீஸ் எல்லாம் போட்டு அடுப்பில் சுட்டெடுத்த பெரிய தட்டு ஒன்று அவள் கையில். எங்கள் ஊரில் அதை எழவு வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள்.

"யாரு போயிட்டா?" என்றேன் பதறிப்போய்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க, ஆர்லிஸ். இன்னும் யாரும் எங்கேயும் போகலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தட்டை மெதுவாத் தந்தாப் போதும்."

என் மனைவி மார்லாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் பாட்டு எழுதுகிறவள். வார நாட்களில் காலையில் கிளம்பிப் போய், ஒரு சின்ன அறையில் இன்னும் ஒன்றிரண்டு பேரோடு உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு முடித்துவிட்டு வருவாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அவள் பேச்சுக் குறைந்திருந்தது. கட்டில் பக்கத்தில் நீலப் பெட்டி ஒன்று நிரம்பி நின்றது. சர்ச்சுக்குக் கொடுக்கிற பழைய துணியாக்கும் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவள் சமையலறைக்குள் வந்து என் தலையில் கை வைத்தாள். கால்வின் பதிவை அவளுக்கு அனுப்பியிருந்தானாம்.

"நீ பேசவே மாட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

"இப்ப நான் என்ன பேசினேன்?"

ஏதோ பெரிய நகைச்சுவையைக் கேட்டதுபோலச் சிரித்தாள். அன்றைக்கே நீலப் பெட்டியைக் காலி செய்து, சட்டைகளையெல்லாம் அலமாரியில் மாட்டினாள். எல்லாம் அவளுடைய நல்ல சட்டைகள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எனக்கு. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது. நல்லது நடக்கும்போது நிறுத்தி வைத்து ஏன் என்று கேட்கிறவன் முட்டாள். ஃபிரான்சினின் தட்டை இருவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை கால்வின் போனில் கூப்பிட்டான்.

"நாலாவது பாட்டுல உன் ஆம்ப் உறுமுது. கடைசிச் சரணத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிச்சுடு. மார்லாவையும் கூட்டிட்டு வா, அவ பாட்டுதானே."

"மார்லா பாட்டா?"

"விளையாடாதே ஆர்லிஸ்" என்று வைத்துவிட்டான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜனவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது, "டிலேனியும் நானும் எழுதின பாட்டை அவ ஆல்பத்துல சேர்த்துட்டா" என்று மார்லா சொன்னாள். நான் காரச் சாஸை எடுத்துத் தரச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தச் செவிடன் நான்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டூடியோவில் அன்றைக்கு வாசிக்க நான் ஒருவன்தான் என்பதால் அந்தத் திருகுப் பெட்டியை வைக்கவில்லை. கால்வின் அனுப்புவதுதான் ஹெட்போனில் வரும். அவன் குரலைத் தாராளமாக வைத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்லா செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டு தொடங்கியது. காபிக் கோப்பையை நீட்டினால் கை மட்டும் வந்து வாங்கிக்கொள்கிற ஒரு மனிதன். ஒரே வீட்டில் யாரும் கேட்காத வானொலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மனைவி. கூந்தலை வெட்டிக்கொண்டு வந்து எட்டு நாள் காத்திருக்கிறாள். எனக்குக் காது சுட்டது. மார்லா எப்போது கூந்தலை வெட்டினாள்? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெட்டித்தான் இருந்தது.

கடைசிச் சரணம் வந்தது. ஒரு வரி வாசித்தேன். இரண்டாவது வரியில் டிலேனி பாடினாள்:

"நான் இருக்கேன்னு இந்த மேசைக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது."

விரல் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் கம்பி மேல் அழுந்தவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"என்னப்பா, சத்தம் சரியில்லையா?" என்றான் கால்வின் ஒலிபெருக்கியில்.

மார்லா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். இப்போது சிரிப்பு இல்லை. குனிந்து மைக்கில் பேசினாள்.

"அன்னைக்கு நீ பாட்டைக் கேக்கவே இல்ல, இல்லையா?"

கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"இல்ல. குரலைக் குறைச்சு வச்சிருந்தேன்."

"எவ்வளவு?"

"முழுசா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "பழையதே இருக்கட்டும் கால்வின். உறுமினாலும் அதுதான் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். கிதாரைப் பெட்டியில்கூட வைக்காமல் பின்னாலேயே ஓடினேன்.

வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டேன். எங்கே ஓட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு என்று சொல்லக்கூடப் பயமாக இருந்தது. அவளை இழந்துவிட்டேனா, இல்லையா? யாரைக் கேட்பது?

"எந்த வரியில நின்ன?" என்றாள் அவள்.

"மேசை வரியில."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அது டிலேனி எழுதினது. அவ அப்பாவைப் பத்தி. என்னோடது அதுக்கு அடுத்த வரி."

"அது என்ன?"

"நீதான் ஹெட்போனைக் கழட்டிட்டியே."

எஞ்சினை அணைத்தேன். "சொல்லு மார்லா. கேக்கறேன்."

எதிரே இருந்த செங்கல் சுவரைப் பார்த்தபடி, பாடாமல், சும்மா சொன்னாள்.

"இன்னைக்கு நான் போறேன். எங்கே போறேன்னு ஒரு தடவை கேளு."

அது பாட்டா, என்னிடம் சொன்னதா என்று புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் கேட்கத்தான் வேண்டும்.

"எங்கே போற, மார்லா?"

அவள் என் பக்கம் திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள்.

"தெரியல, ஆர்லிஸ்" என்றாள். "நீ கேப்பேன்னு நினைக்கல. பதில் ஒண்ணும் எழுதி வைக்கல."