தூணை உரித்துப் பார்

கனடாவின் மூஸ் ஜா நெடுஞ்சாலையில் தானிய லாரியின் பின்னால் மோதிய காருக்குள் ஆர்லோ சிக்கியிருந்தார். கூரையை எடுத்தால்தான் அவரை வெளியே தூக்க முடியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெட்டும் கருவியைக் கூரையைத் தாங்கும் கதவோரத் தூணில் வைத்தேன்.

“இருடா! முதல்ல உரிச்சுப் பாரு,” என்றார் எங்கள் தீயணைப்புக் குழுத் தலைவி டார்லீன்.

தூணை மூடிய பிளாஸ்டிக்கைப் பிய்த்தேன்.

“ஐயோ, புது வண்டிங்க!” என்றார் ஆர்லோ.

“கூரையே போகப்போகுது. இதுக்கா அழுறீங்க?” என்றேன்.

நான் வெட்டப்போன இடத்திலேயே ஓர் உலோகக் குழல் இருந்தது. மோதலில் விரியாத ஏர்பேக் காற்றுப்பைக்கான வாயு அதில் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும், வெட்டுப்பட்டால் வெடிக்கும். ஆர்லோவின் தலை பக்கத்திலேயே இருந்தது.

ஒரு சாண் கீழே வெட்டினேன். மற்ற தூண்களையும் உரித்துப் பார்த்தே வெட்டினோம். கூரையை வெடிச்சத்தமின்றித் தூக்கினோம்.

“அந்தப் பிளாஸ்டிக்கையாவது பத்திரமா வைங்க,” என்றார் ஆர்லோ.